வீட்டிலே ஓர் இசைக்கூடம்

ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் தென்காசிச் சீமைக்குத் தனியழகு வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்றுப் புகுந்து வீசும். மலை முகட்டிலே முகில் தவழும். குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் ஆரவாரித்து விழும். வெயிலும் சாரலும் மாறிமாறி வந்து விளையாடும். தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நுழைவோரைக் காற்று எதிர்கொண்டு தள்ளும். இப்பருவத்தை எதிர்நோக்கி ஆண்டு முழுவதும் காத்திருப்போர் பலர். ஆயினும், தென்காசியில் ஒரு சிறு தெருவிலே வாழ்ந்த இளைஞன் ஒருவனுக்கு மட்டும் அக்காற்றும் மழையும் பெருந்தடையாகத் தோன்றின. அவன் தன் வீட்டு அறையில் கித்தார் இசையைப் பதிவு செய்ய முயன்றுகொண்டிருந்தான்.

அவ்வறை ஒரு காலத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிவைத்த அறை. பகலில் கடையொன்றிலே வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவன் ஓர் ஒலிவாங்கியும், காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பான் ஒன்றும், பழைய கணிப்பொறி ஒன்றும் வாங்கியிருந்தான். கருவிகள் வந்துவிட்டால் இசையும் வந்துவிடும் என்பது அவன் எண்ணம். முதல் நாளிலேயே அவ்வெண்ணம் பொய்த்தது. சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுத் தரையும் ஒலியைத் திருப்பி எறிந்தன. மின்விசிறியின் இரைச்சல், தெருவிலே செல்லும் வண்டிகளின் ஓசை, ஓட்டின்மேல் விழும் மழை ஆகிய யாவும் கித்தாரோடு சேர்ந்து பதிவாயின. மனிதச் செவி வேண்டாத ஓசையை ஒதுக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் கேட்கும். ஒலிவாங்கியோ எதையும் ஒதுக்குவதில்லை.

இளைஞன் சோர்ந்துவிடவில்லை. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தினான். தரையிலே தடித்த ஜமுக்காளத்தை விரித்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு அமர்ந்தான். ஒலிவாங்கியை முதலில் கித்தாரின் வட்டத் துளைக்கு நேரே வைத்தான். ஒலி குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கிற்று. பின்னர் அதனைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே, ஒரு சாண் தொலைவில் வைத்தான். ஒவ்வொரு நரம்பின் ஒலியும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. ஒரு முழ இடமாற்றம் இசையின் தன்மையையே மாற்றிவிடும் என்பதை அவன் அன்று அறிந்தான்.

இசைப்பதிவு நடைபெறும் முறையைச் சிறிது காண்போம். கித்தாருக்கு நரம்புகள் ஆறு. வழக்கமான சுருதியில், அவற்றுள் மிகத் தடித்தது ஒரு நொடியில் ஏறத்தாழ 82 முறை அதிரும். மிக மெல்லியது ஏறத்தாழ 330 முறை அதிரும். அவ்வதிர்வு காற்றை அசைக்கிறது. அவ்வசைவை ஒலிவாங்கி மின்னோட்டமாக மாற்றுகிறது. அம்மின்னோட்டத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக எழுதிவைப்பது இக்காலத்தில் பெருவழக்கு. மனிதச் செவி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரும். அதனினும் இரு மடங்குக்கு மிகுதியாக அளந்தால்தான் செவி அறியும் ஒலியெல்லாம் எண்களிலே அடங்கும். அவ்வெண்களே மீண்டும் மின்னோட்டமாகி, காற்றை அசைத்து, இசையாகின்றன.

இவ்வசதி ஒரே நாளில் வந்ததன்று. 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஈயத்தாள் சுற்றிய உருளையிலே மனிதக் குரலைப் பதித்துக் காட்டினார். பின்னர் இசைத்தட்டுகள் தோன்றின. தென்காசிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, ஒலிபெருக்கி இன்றியே நாடக அரங்கை இசையால் நிரப்பியவர். 1933-ஆம் ஆண்டில், இருபத்தேழாம் வயதிலேயே அவர் மறைந்தார். ஆயினும், அவர் குரல் மறையவில்லை. இசைத்தட்டுகள் அதனைக் காத்துவைத்தன. ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடக்கூடிய தட்டுகள் அவை. பாடும்போது பிழை நேர்ந்தால், பதித்த மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்தே பாடுதல் வேண்டும்.

ஒருவரே பலராகி வாசிக்கும் கலையை வீட்டிலே வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான லெஸ் பால். அவர் தம் வண்டிக் கொட்டகையையே இசைக்கூடமாக்கினார். ஒரு தட்டிலே பதித்த இசையை ஓடவிட்டு, அதனோடு தாமும் வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டில் பதிப்பார். இவ்வாறு எட்டுக் கித்தார்ப் பகுதிகளையும் தாமே வாசித்து உருவாக்கிய பாடல் 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த விபத்தொன்றில் அவரது வலக்கை முழங்கை நொறுங்கிற்று. இனி அக்கை வளையாது என்று அறிந்ததும், கித்தாரை அணைத்து வாசிப்பதற்கேற்ற நிலையிலேயே அதனைப் பொருத்திவிடுமாறு அவர் மருத்துவரை வேண்டிக்கொண்டார். அவரது உறுதியை என்னென்பது!

தமிழகத்திலும் இத்தகைய சான்று உண்டு. ஏ. ஆர். ரகுமான் ஒன்பதாம் வயதிலே தந்தையை இழந்தவர். தந்தையார் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. சென்னைக் கோடம்பாக்கத்திலே தம் வீட்டையொட்டி அவர் ஓர் இசைக்கூடம் அமைத்தபோது, கருவி வாங்கப் பொருளில்லை. அன்னையார் தம் நகைகளைக் கொடுத்து உதவினார். 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரோஜா’ என்னும் திரைப்படத்தின் இசை அவ்வீட்டுக் கூடத்திலே உருவானதாகும். அம்முதற் படத்திற்கே அவர் தேசிய விருது பெற்றார். அப்படத்தின் கதைத்தலைவி பிறந்த ஊராகக் காட்டப்படுவது, தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரமே.

இச்செய்திகளெல்லாம் இளைஞனுக்கு ஊக்கம் தந்தன. ஆனால், எதனைப் பதிவு செய்வது என்னும் வினாவுக்கு அவை விடை தரவில்லை. அவ்விடை அவன் வீட்டிலேயே இருந்தது.

அவனுடைய ஆச்சிக்கு எண்பது வயது கடந்திருந்தது. அவனைத் தொட்டிலிலிட்டு ஆட்டியபோது அவர் பாடிய தாலாட்டு எந்த நூலிலும் அச்சேறாதது. தம் தாயிடம் கேட்டுக் கற்றது. அண்மையில் அதன் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவர் நினைவிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தன. அதனைப் பாடுமாறு பேரன் வேண்டினான்.

“தொட்டில் இல்லாமல் தாலாட்டு வருமா ஐயா?” என்றார் ஆச்சி.

இளைஞன் உத்தரத்திலே சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினான். அதனுள் ஒரு தலையணையை இட்டான். ஆச்சி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடினார். வெளியே சாரல் பெய்தது. உத்தரம் மெல்ல முனகிற்று. பாட்டு முழுவதும் பதிவாயிற்று.

அதற்குக் கித்தார் துணை சேர்க்க முயன்றபோதுதான் உண்மையான இடர் தோன்றியது. ஆச்சியின் சுருதி, கித்தாரின் இரண்டு சுரங்களுக்கு இடையே நின்றது. ஆறு நரம்புகளையும் சிறிது தளர்த்தி, இளைஞன் அச்சுருதிக்கு இறங்கிவந்தான். தாளமோ அத்துணை எளிதில் அடங்கவில்லை. கணிப்பொறி, ஒரு நிமிடத்திற்கு அறுபது என்று பிறழாமல் தட்டியது. ஆச்சியோ மூச்சுக்கும் தொட்டிலின் வீச்சுக்கும் ஏற்ப ஓரடியை நீட்டினார், மற்றோரடியைக் குறுக்கினார். இளைஞன் மூன்று இரவுகள் கண்விழித்து, அக்குரலைச் சொல் சொல்லாக வெட்டி, நீட்டி, குறுக்கித் தாளத்திலே பொருத்தினான். மழையோசையையும் உத்தரத்தின் முனகலையும் இயன்றவரை நீக்கினான். பின்பு பெருமிதத்துடன் ஆச்சியைக் கேட்கச் செய்தான்.

ஆச்சி இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். “குரல் என் குரல்தான். பாடுகிறது யார் ஐயா?” என்று வினவினார்.

அவ்வினா அவன் நெஞ்சிலே தைத்தது. தாளம் தவறாத அப்பாட்டில் குழந்தையும் இல்லை, தொட்டிலும் இல்லை, தூக்கமும் இல்லை என்பதை அவன் உணர்ந்தான். நல்லவேளையாக, முதற் பதிவை அழிக்காமல் தனியே வைத்திருந்தான். மூன்று இரவுகளின் உழைப்பையும் ஒதுக்கிவிட்டு, கணிப்பொறியின் தாளத்தை நிறுத்தினான். ஆச்சி நீட்டிய இடத்தில் தானும் காத்து நின்றான். அவர் விரைந்த இடத்தில் தானும் விரைந்தான். உத்தரத்தின் முனகலே தாளமாயிற்று. தான் கற்ற விரைவான வாசிப்பையெல்லாம் விடுத்து, தடித்த நரம்புகளை மட்டும் மெல்ல மீட்டினான். பகையெனக் கருதிய சாரலும் அப்பாட்டின் பின்னே இனிதாக ஒலித்தது.

அதனைக் கேட்டபோது ஆச்சி ஒன்றும் கூறவில்லை. அவர் வலக்கை மட்டும், இல்லாத தொட்டிலை ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் அசைந்தது.

மார்கழி வந்தது. அதற்குள் இரண்டாம் கண்ணி ஆச்சியின் நினைவிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது. “அந்தப் பாட்டைப் போடு ஐயா” என்று மாலைதோறும் அவர் பேரனைக் கேட்பார். தம் தாய் தமக்குக் கற்பித்ததை, தம் குரலிடமிருந்தே அவர் மீண்டும் கற்றார். மெல்லச் சேர்ந்தும் பாடினார்.

ஒரு பாட்டின் உருவத்தைச் செவியால் உணர்ந்து சுவைத்தல் வேண்டும் என்பதைக் குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் பலர்க்கும் பாடிக்காட்டி உணர்த்தினார். நெல் அறையிலே அமர்ந்த இளைஞன் கற்றதும் அதுவே. கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. பொறுமையோடு கேட்கும் செவியை ஒவ்வொருவரும் தாமே பழக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அச்சேறாத பாட்டொன்று, அதனை அறிந்த முதியவரின் நினைவிலே ஒளிந்திருக்கக்கூடும். அது மறையுமுன் அருகே சென்று அமர்ந்து கேட்பது இளையோர் கடமையாகும்.