தீர்ப்புக்குக் காத்திருந்த பணம்



2011ஆம் ஆண்டில் நான் கலிஃபோர்னியாவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். உம்மாவை மறு ஆண்டு ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அதில் பெரும்பகுதியைக் கொண்டு ராம்பஸ் என்னும் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன்.

ராம்பஸ், கணினியின் நினைவகச் சில்லுகளுக்கான தொழில்நுட்பத்தை வடிவமைத்துக் காப்புரிமை பெறும். அதைப் பயன்படுத்துவோரிடம் உரிமத்தொகை வாங்கும். 2000ஆம் ஆண்டு முதலே சில்லு உற்பத்தியாளர்களுடன் அதற்குக் காப்புரிமை வழக்குகள் இருந்தன. மைக்ரான், ஹைனிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் கூடிச் சதி செய்து தனது ஆர்டிராம் நினைவகத்தைச் சந்தையிலிருந்து விரட்டிவிட்டன என்று அது தொடுத்த மற்றொரு வழக்கு, அவ்வாண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் விசாரணைக்கு வந்தது. கேட்ட இழப்பீடு 395 கோடி டாலர். வென்றால் சட்டப்படி அது மும்மடங்காகும். ஆர்டிராம் தோற்றதற்கு அதன் விலையும் குறைகளுமே காரணம் என்றது எதிர்த்தரப்பு.

ஜூரிகள் பன்னிருவரும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் கலந்தாய்வு செய்தனர். அந்நாள்களில் என்னைப் போன்ற முதலீட்டாளர்களுக்கு வேறு பேச்சே இல்லை. தாமதம் நமக்குச் சாதகமா, பாதகமா என்று ஓயாமல் கணக்கிட்டோம். சில்லு விலையைக் கூடி நிர்ணயித்த குற்றத்திற்காக ஹைனிக்ஸ் 2005இல் அமெரிக்க அரசுக்கு 18.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே வெற்றி உறுதி என்று நாங்களே தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

நான் தஹஜ்ஜுத்தில் எழுந்து ஸஜ்தாவில் நெடுநேரம் துஆ கேட்டேன். ஓர் இரவு மனைவி கேட்டாள்: "அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. வழக்கின் இரு தரப்பையும் படித்திருந்தேன். ஆனால் எவர் சொல்வது உண்மை என்று ஒருமுறையும் என்னையே கேட்டதில்லை. எதிர்த்தரப்பு குற்றமற்றதாக இருந்தாலும் அது தோற்கவேண்டும் என்றே நீதியாளனான ரப்பிடம் இரந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 16ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள், தீர்ப்பு வந்தது. ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் ராம்பஸ் தோற்றது. பங்கின் விலை அன்றொரு நாளிலேயே பாதிக்கும் கீழே சரிந்தது.

அறியாமைக் காலத்து அரபிகள் அம்புகளைக் குலுக்கி ஒட்டக இறைச்சியைப் பங்கிட்டார்கள். அதுவே மைஸிர். ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து அதையும் விலக்குகிறது. ஹலாலான தொழில் செய்யும் நிறுவனத்தில் பங்காளியாவதை மார்க்கம் தடுக்கவில்லை. காப்புரிமை கேட்டு வழக்காடுவதும் குற்றமன்று. ஆயினும் அந்நிறுவனத்தின் தொழிலைப் பற்றி எனக்கு அக்கறை இருந்ததா? பன்னிருவர் வாயிலிருந்து உதிரப்போகும் ஒரு சொல்லின் மீதுதான் என் உம்மாவின் ஹஜ்ஜுப் பணத்தை வைத்திருந்தேன். அம்பு குலுக்கியவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

2013இல் அவ்விரு நிறுவனங்களும் ராம்பஸுடன் சமரசம் செய்து உரிமத்தொகை தர இசைந்தன. "பொறுத்திருந்தால் மீண்டிருக்கலாமே" என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். ஆனால் வென்றிருந்தால் அந்த ஸஜ்தாவை என்றேனும் வெட்கத்தோடு நினைத்திருப்பேனா?

உம்மாவின் ஹஜ்ஜு இரண்டாண்டு தள்ளிப்போனது. காரணத்தைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "கூலிப் பணத்தில் போவோம், வாப்பா" என்றார். 2014இல் அவ்வாறே போனோம், அல்ஹம்துலில்லாஹ். இன்று பணத்தை எதிலேனும் இடுவதற்கு முன் ஒன்றைப் பார்க்கிறேன்: இதற்காக நான் கேட்கப்போகும் துஆவை உம்மாவின் காதுபடக் கேட்க முடியுமா?