தலைமையும் துறைமுகமும்

ஆண்டுகள் பல கழிந்தபின் கல்லூரி அன்னையின் விழா மலருக்கு எழுதப் புகும் எமக்கு, கல்முனைக்குத் தெற்கேயுள்ள ஒலுவில் துறைமுகமே பொருளாய் வந்து வாய்த்தது. ஆசிரிய கலாசாலைப் பயிற்சியை முடித்த நாள்முதல் இக்கரையோரத்திலேயே தமிழ் கற்பித்து வருகின்றோம். எம்மிடம் பயின்றோரிற் பலர் கடற்றொழில் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். தமிழே எமக்கும் அவர்க்கும் பொதுச்சொத்து.

அத்தகைய பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எம்மை நாடி வந்தார். முற்போக்குக் கொள்கையுடைய கட்சியொன்றின் ஊர்க்கிளையில் அவர் உறுப்பினர். “சேர், கிளைத் தலைமைக்கு நிற்கப் போகிறேன். ஏட்டிலே பெயர்கள் நிறைய இருக்கின்றன. கூட்டத்துக்கு வருவோர் ஐந்தாறு பேர்தான். தேர்தல் வந்தால் மட்டும் வீடு வீடாகப் போகிறோம். இதை மாற்ற வேண்டும்,” என்றார்.

பதவியை விரும்புதலே இழுக்கெனக் கருதுவார் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. செய்யவேண்டிய பணி தெளிவாயிருப்பின் தலைமையைக் கேட்டுப் பெறுதல் குற்றமாகாது.

இதற்குச் சான்று இக்கரையிலேயே உண்டு. சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் அவர்கள், 1981 இல் காத்தான்குடியில் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைமையை 1986 இல் ஏற்றார். அச்சிறு அமைப்பு 1988 இல் அரசியற் கட்சியாய்ப் பதிவு பெற்று, அவ்வாண்டே வடக்குக் கிழக்கு மாகாண சபையில் 17 இடங்களைப் பெற்றது. நாடாளுமன்றத்துட் சிறு கட்சிகள் புகத் தடையாயிருந்த எட்டிலொரு பங்கு வாக்கெல்லை இருபதிலொரு பங்காய்க் குறைந்ததும் அவ்வாண்டிலேயே. அதற்கு அவர் முயற்சியும் ஒரு காரணம். 1994 இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் துறைமுகமும் அவர் கண்ட கனவுகள். 2000 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். மரத்தைச் சின்னமாய்க் கொண்ட அக்கட்சியின் கிளைகள் சில, பின்னர்த் தனி மரங்களாய்ப் பிரிந்து நின்றன. ஒருவர் தோளில் முழுப்பாரமும் தங்கியிருந்தமையை அப்பிரிவு காட்டிற்று.

தென்னிலங்கைச் சான்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். அநுர குமார திசாநாயக்க அவர்கள் 2014 இல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையை ஏற்றார். 2019 சனாதிபதித் தேர்தலில் அவர் பெற்றது நூற்றுக்கு மூன்று வாக்களவே; 2024 இல் அவரே சனாதிபதியானார். 2022 இன் பொருளாதார நெருக்கடி அவ்வெழுச்சிக்குப் பெருங்காரணம் என்பது மெய்யே. எனினும், எழுந்த அலையை ஏந்திக்கொள்ள ஊர்கள் பலவற்றிற் குழுக்கள் இருந்தன. அதனை மறத்தலாகாது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் வந்து மூடிற்று. படகுகள் உட்புக இயலாது தவித்தன. நீரோட்டம் கரைநெடுக மணலைச் சுமந்து செல்வது இக்கடலின் இயல்பு. அதனை ஒருமுறை அகழ்ந்தெடுத்தாற் போதாது. காலந்தோறும் அகழ்தல் வேண்டும். மற்றொன்றும் நிகழ்ந்தது. அலைதடுப்பு அணை மணலின் போக்கை மறித்தமையால், வடபாலுள்ள கரையைக் கடல் அரித்தது. தென்னைகளும் கரைவலைத் தொழிலாளர்தம் வாடிகளும் நின்ற நிலம் குறைந்தது.

“தம்பி, தலைமை என்பது திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறித்தலன்று, ஆண்டுதோறும் மணல் அகழ்தல். கட்சியை விட்டு விலகியவர் வீட்டுக்கு முதலிற் செல்லுங்கள். வாடியிலே அமர்ந்து கேளுங்கள். உங்கள் கிளை உயர்வதால் அயலூரின் கரை அரிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்,” என்றோம்.

தமிழாசிரியர் ஆதலின் இலக்கணமும் ஒன்று கூறினோம். ‘நாங்கள்’ என்னுஞ் சொல் கேட்போனைப் புறத்தே நிறுத்தும். ‘நாம்’ என்பது அவனையும் உள்ளே சேர்க்கும். பிறமொழிகள் பலவற்றில் இவ்வேறுபாடு இல்லை. ஒலுவிலில் நின்று அவர் ‘நாம்’ என்று சொல்லுங்கால், காரைதீவிலும் திருக்கோவிலிலும் உள்ள தமிழர் தம்மையும் அது குறிக்கிறதென உணர்தல் வேண்டும். போர்க்காலம் இவ்வூர்களுக்கிடையே வைத்த பிளவு சிறிதன்று. மொழியால் ஒன்றுபட்டார் அச்சத்தாற் பிரிந்து வாழ்ந்ததை யாம் கண்டுள்ளோம். அப்பிளவைக் கடவாத கட்சி முற்போக்கு எனத் தன்னை அழைத்துக் கொள்ளுதல் பொருந்தாது.

கிளைத் தேர்தல் இன்னும் நடைபெறவில்லை. மூத்தோர் சிலர் அவரை எதிர்க்கின்றனர், வெல்வாரோ யாமறியோம். ஆயின், இரவுதோறும் ஏதேனும் ஒரு வாடியில் அவர் அமர்ந்திருப்பதாகவும், சென்ற கிழமை காரைதீவுக்குச் சென்று அங்குள்ள இளைஞரோடு பேசியதாகவும் அறிந்து மகிழ்ந்தோம்.

மாணவ அன்பர்காள்! நம் கல்லூரித் தமிழ் மன்றத்திற் செயலாளர் பதவிக்கேனும் நீவிர் நிற்கலாம், நிற்பதற்கு நாணவேண்டா. கூட்டத்தின் பின்வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவன் பெயரை முதலில் அறிந்து கொள்ளுங்கள்.