குனியத் தெரியாத உடம்பு

ஈப்போவில் நாடகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வசனம் ஒரு பொருட்டே இல்லை; பக்கம் பக்கமாக ஒப்பிப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காட்டச் சொன்னால்தான் திணறல். கையை மட்டும் காற்றில் இழுத்துவிட்டு நிற்பார்கள். இத்தனைக்கும் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ தோட்டத்தில் வெட்டியவர்கள்தாம்.

அதனால் நடிப்புக்கு முன்னால் வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு. இளமரத்தில் நெஞ்சுயரத்தில் தொடங்கும் வெட்டு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். வெட்டுகிறவரும் அதோடு சேர்ந்து குனிய வேண்டும். இது புரிந்த பிறகு, முதுகை எப்படி வளைப்பது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

இதை ஆராய்ச்சி என்றால் சிலர் சிரிப்பார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கிருஷன் ஜித் சிரித்திருக்க மாட்டார். வகுப்பறை, 1972 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய நாடகப் பத்தி, ஒத்திகைக் கூடம் மூன்றும் அவருக்கு ஒரே வேலைதான். 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரைத் தொடங்கியவர்களில் அவரும் கே.எஸ். மணியமும் உண்டு. கெடா பீடோங்கில் பிறந்த மணியத்தின் ‘தி கார்ட்’, தோட்டத் தமிழ்க் குடும்பத்தின் கதை. அதை இயக்கியவர் பஞ்சாபி வழிவந்த ஜித், நாடகமோ ஆங்கிலத்தில். நம் தமிழ் மேடை ராஜா உடுப்பையும் மாமியார் சண்டையையும் விட்டு இறங்க இன்னும் தயங்குகிறது. அதில் எனக்கு வெட்கம் உண்டு.

தமிழில் இந்த வழியைக் காட்டியவர் சே. இராமானுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். கிரேக்க நாடகம் சொல்லும் ட்ராய் நகரப் பெண்களின் துயரத்தை ‘வெறியாட்டம்’ ஆக்கியபோது அவர் கையில் எடுத்தது நம் ஒப்பாரியை. திருக்குறுங்குடிக் கைசிக நாடகத்தை மீட்டெடுத்ததிலும் அவருடைய பங்கு பெரிது.

அவரைப் பார்த்து நானும் ஒப்பாரி தேடிப் போனேன். “நல்ல நாளும் அதுவுமா இதையா ஏம்பா கேக்குற?” என்று பாட்டிகளிடம் திட்டு விழும். நியாயம்தான். சாவு வீட்டுப் பாட்டை நடு வீட்டில் உட்கார்ந்து பாடச் சொல்லலாமா? பிரதி கிடைக்கவில்லை என்று அவசரப்படுகிற இயக்குநர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பிறந்த தோட்டம், குடியிருந்த லயம், மேற்பார்த்த தண்டல், கணக்கெழுதிய கிராணி என்று பேச்சுக்கொடுத்தால், எப்போதாவது அவர்களாகவே இரண்டு அடி முனகுவார்கள். அது போதும்.

லயங்கள் இடிந்துவிட்டன, தோட்டங்கள் செம்பனையாகவும் குடியிருப்புத் தாமான்களாகவும் மாறிவிட்டன. திருவிழா மேடைகளும் அவற்றோடு போயின. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறார்கள். பால் வெட்டியவர்களின் பேச்சைக் காப்பது நம் பொறுப்பு. தோட்டத்து மேடையில் வேஷம் கட்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். எந்தத் தோட்டம், எந்தத் திருவிழா, என்ன வேஷம் என்று கூடவே எழுதிவையுங்கள். நாடகம் போடுகிறவர்கள் கேட்டு வந்தால் கொடுங்கள்.