முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம்

என் மாமியாருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. ரத்தம் கொடுக்கப் போகிற அன்று மட்டும், "பார்த்துட்டு வந்து போட்டுக்கறேன்" என்று காலைச் சாப்பாட்டு மாத்திரையைத் தள்ளி வைத்துவிடுவார். சாப்பிட்ட பின் எடுத்த சர்க்கரை ஏறித் தெரிந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டினார். பத்தே நாளில், ஒரு விடியற்காலை, வியர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார். சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது!

வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை, அதற்குப் பின் வரும் எண்தான் டாக்டருக்கு வழி சொல்லும். (வெறும் வயிற்றுச் சோதனைக்கு மாத்திரையை எப்போது போடுவது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டு மணி நேரத்தை நம்மில் பலர் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறோம். முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். பேசிக்கொண்டே முக்கால் மணி சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இது பெரிய வித்தியாசம், எங்கள் வீடு உள்பட! நோயில்லாதவருக்கு அப்போது பொதுவாக 140க்குள் இருக்கும். நோயுள்ளவருக்கு 180க்குள் என்பார்கள்; முதியவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவதுண்டு.

இங்கே திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்த மறுநாள் எண் இறங்கினால், நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். அது நடையின் வேலை.

பிள்ளை உண்டான பெண்களுக்குக் கணக்கே வேறு. சென்னை டாக்டர் வி. சேஷய்யா வற்புறுத்திய முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்துப் பார்ப்பார்கள். பட்டினியாகப் போக வேண்டாம். 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே தாயும் கேட்டுவிடலாம்.