விழுந்த சீட்டு

நமது மத்ரஸாவில் உஸ்தாதுகள், எழுத்தர்கள், சமையற்காரர், காவலர் என ஊழியர் 42 பேர். சென்ற ஆண்டு, வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர் இவர்களுள் இருவரைத் தம் செலவில் உம்ராவுக்கு அனுப்ப முன்வந்தார். யாரை அனுப்புவது? ஒவ்வொருவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இறுதியில் சீட்டுக் குலுக்குவது என்று முடிவாயிற்று.

இது சூதாட்டம் ஆகாதா என்று இளைய உஸ்தாத் ஒருவர் வினவினார். நல்ல வினாதான். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 90ஆம் வசனம், 'அஸ்லாம்' என்னும் குறியம்புகளைச் சூதுடன் சேர்த்து விலக்குகிறது. அதே திருமறை, கப்பலில் யூனுஸ் நபி (அலை) சீட்டுக் குலுக்கலுக்கு உட்பட்டதை 'ஸாஹம' என்னும் சொல்லால் குறிக்கிறது. அம்பு எனப் பொருள்படும் 'ஸஹ்ம்' அச்சொல்லுக்கு உறவு. அம்பு ஒன்றாயினும் செயல் வேறு. பொருளைப் பணயம் வைத்துப் பிறர் பொருளை வெல்வது சூது; சம உரிமை உடையோருள் மனக்கசப்பின்றி ஒருவரைத் தெரிவது குர்ஆ. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் தம் துணைவியரிடையே குர்ஆ போட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. இங்கே எவரும் ஒரு காசும் கட்டவில்லை. ஆகவே தடையில்லை என்றோம்.

குலுக்கலைக் கணிப்பொறியில் நடத்தலாம் என்றவர்களும் நாமே. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கற்றுத்தர, பைத்தான் மொழியில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினோம். நிரல் எழுதுபவர் பெயர் பட்டியலில் இருத்தல் முறையன்று எனக் கருதி, நம் பெயரை நீக்கினோம். கஃபாவை நாம் இன்னும் கண்டதில்லை. நீக்கும்போது விரல் சற்றுத் தயங்கியது உண்மை. 41 பெயர்கள் நின்றன.

முதல் முயற்சியில் ஒரே பெயர் இருமுறை வந்தது. எடுத்த சீட்டைப் படித்துவிட்டு மீண்டும் குடத்திலேயே போட்டதற்கு ஒப்பான பிழை அது. பட்டியல் முழுவதையும் கலைத்து, முதலிரு பெயர்களை எடுக்குமாறு திருத்தினோம்.

அடுத்து மாணவர் சொன்ன செய்தி நம்மைத் திகைக்க வைத்தது. பொறி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லையாம். விதை எண் ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு, கணக்குப் போட்டே அடுத்தடுத்த எண்களைப் பிறப்பிக்கிறது. விதை ஒன்றாயின் விளைவும் ஒன்றே. "அப்படியானால் விதையை இடுபவன் வேண்டிய பெயரை வரவழைக்கலாமே?" என்றோம். "ஆம் ஹஜ்ரத், வேண்டிய பெயர் வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே போனால் போதும்" என்றார்.

அப்போது உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் அதில் உள்ளன. ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை இல்லை என்பதைச் சபை காணவேண்டும் அல்லவா? நாமும் அவ்வழி சென்றோம். பட்டியலை முதல்நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். குலுக்கலன்று ஏழு சிறுவர் ஆளுக்கோர் இலக்கம் சொல்ல, அவ்வெண்ணையே விதையாக்குவது என்று ஏற்பாடு.

முந்திய இரவு ஒத்திகை பார்த்தோம். முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் சோறு வடித்துவரும் சமையற்காரரின் பெயர் முதலாவதாக வந்தது. நமக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சிறுவர்கள் இலக்கம் சொன்னார்கள். வந்த பெயர்கள் இரண்டு. ஒருவர் வேலையில் சேர்ந்து ஓராண்டும் ஆகாத எழுத்தர். மற்றவர் முன்பே ஒருமுறை உம்ரா செய்த உஸ்தாத். போய்வந்தவரை விலக்கும் விதியை முன்கூட்டி எழுத எவருக்கும் தோன்றவில்லை. அது நம் குறை. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. "இன்னொரு முறை இயக்குங்கள்" என்றார் நிர்வாகி ஒருவர்.

நம் உள்ளத்திலும் அதே ஆசை இருந்ததை மறைப்பானேன்? முந்திய இரவு கண்ட பெயர் கண்முன் நின்றது. ஆயினும், நமக்குப் பிடித்தவர் வரும்வரை இயக்குவதாயின் குர்ஆ எதற்கு? பெயரையே சொல்லிவிடலாமே! விழுந்தது விழுந்ததுதான் என்று கூறிப் பொறியை மூடினோம். சமையற்காரரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

ஒத்திகைச் செய்தியை அவர் அறியார். அன்று பகல் சோறு பரிமாறுகையில் நம்மருகே குனிந்து, "ஹஜ்ரத், போறவங்ககிட்ட எனக்கும் துஆ செய்யச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஏழிலக்க எண்ணையும் நிரலையும் பட்டியலின் கீழேயே எழுதி ஒட்டினோம். ஐயமுற்ற இருவர் தத்தம் பொறியில் இயக்கிப் பார்த்தனர். அதே இரு பெயர்கள்தாம் அவர்களுக்கும் வந்தன.