பத்து டப்பா, இருநூறு பயறு



இங்கே சாங்வியில், பவனா ஆத்தோரம் எங்க ஃப்ளாட். போன வாரம் மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்: சோப்புத் தண்ணியில் பச்சைப்பயறு முளைக்குமா? பத்து டப்பா, ஒவ்வொண்ணிலும் இருபது பயறு. அஞ்சுக்கு நல்ல தண்ணி, அஞ்சுக்கு சோப்புத் தண்ணி. ஃப்ரிட்ஜ் மேல வெச்ச நல்ல தண்ணி டப்பா ஒண்ணு காஞ்சுபோய், மூணுதான் முளைச்சது. "டப்பா கணக்கு எதுக்குப்பா? இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நூறுன்னு எண்ணிடலாம்"னா.

எனக்குப் பகீர்னுது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதைத்தான் செஞ்சேன். எல்லாத் தட்டு விதைகளையும் ஒண்ணாக் கொட்டி லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போட்டேன். மருந்து வேலை செய்யுதுன்னு வந்தது. அதை நம்பி ஒரு நண்பர் மூணு மாசம் உழைச்சார். திரும்பச் செஞ்சப்போ ஒண்ணுமே இல்லை. இன்னிக்கும் அவர்கிட்ட பேசும்போது எனக்கு நாக்கு தடுமாறும்.

1978ல் க்ரவுடர் வெளியிட்ட டேட்டா ஒண்ணு எங்க துறையில் பிரசித்தம். ஒரோபாங்கி, அதான் நம்ம ஊர்ல புகையிலைக் காளான்னு சொல்ற ஒட்டுண்ணி. விதை ரெண்டு ரகம், வேர்ச்சாறு ரெண்டு (பீன்ஸ், வெள்ளரி), தட்டு 21, விதை 831. ஒரே ரகம், ஒரே பீன்ஸ் சாறு. ஆனா ஒரு தட்டில் 81க்கு 23 முளைச்சிருக்கு, இன்னொண்ணில் 51க்கு 26. ஒரே தட்டு விதைங்க ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி. வீட்டுக்குப் பத்து பேர் சாட்சி சொன்னாலும் அது பத்து சாட்சி ஆகாது இல்லையா?

சாறு ஃபிக்ஸ்டு எஃபெக்ட். நாமளே தேர்ந்தெடுத்தது, அதோட பலன்தான் கேள்வியே. தட்டு ரேண்டம் எஃபெக்ட். எந்தத் தட்டுங்கறது முக்கியமில்லை, தட்டுக்குத் தட்டு எவ்வளவு ஆடுதுன்னு தெரிஞ்சா போதும்.

தட்டையும் ஃபிக்ஸ்டாப் போட்டா என்னன்னு கேப்பீங்க. ஒரு தட்டுக்கு ஒரே சாறுதான். சாறோட வித்தியாசத்தையும் தட்டே முழுங்கிடும். இன்னொரு தட்டில் 4 விதை, ஒண்ணும் முளைக்கலை. ஃபிக்ஸ்டுன்னா அதோட எண் மைனஸ் இன்ஃபினிட்டிக்கு ஓடிடும். ரேண்டம்னா மத்த தட்டுங்க பக்கமா இழுத்துப் பிடிக்கும். 1993ல் ப்ரெஸ்லோவும் க்ளேட்டனும் இதே டேட்டாவில் ரேண்டம் எஃபெக்ட் போட்டுக் காட்டினாங்க. ஆனா ஒண்ணு, தட்டு ரெண்டே ரெண்டுன்னா இந்த வித்தை பலிக்காது.

"அப்போ ஃப்ரிட்ஜ் டப்பாவைத் தூக்கிடலாமாப்பா?"

"கூடாதும்மா. அதையும் எழுது."

சார்ட்டில் இப்போ பத்து கம்பம், நல்ல தண்ணிப் பக்கம் ஒண்ணு மட்டும் குள்ளம். டீச்சர் கேட்டா என்ன சொல்றதுன்னு உள்ளே ஒத்திகை நடந்துட்டிருக்கு.