கேட்ட காது

தாராவியில் ஒரு சிறிய வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பில் பயிலும் மகள் தமிழ்ப் பாடநூலைத் திறந்து வாய்விட்டுப் படிக்கிறாள். ‘தங்கம்’ என்னும் சொல்லில் உள்ள ‘க’ என்னும் எழுத்தை, ‘கல்’ என்பதில் வருவதுபோல வன்மையாக ஒலிக்கிறாள். பொருள் விளங்காமல் தாயிடம் நூலை நீட்டுகிறாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதேம்மா” என்று தாய் தயங்குகிறாள். பிறகு, “இன்னொரு முறை சொல்” என்கிறாள். மகள் மீண்டும் ஒலித்ததும் அவள் முகம் மலர்கிறது. “அது தங்கம்! உன்னைக் கொஞ்சும்போது சொல்வேனே, அந்தத் தங்கம்தான்!”

மகள் பிழை செய்ததற்குக் காரணம் உண்டு. அவள் பள்ளியில் பழகிய இந்தி, மராத்தி எழுத்துமுறையில் இவ்வகை ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழிலோ அந்நான்கின் இடத்தில் ‘க’ ஒன்றே நிற்கிறது. கல், பக்கம், தங்கம், பகல் ஆகிய சொற்களை ஒலித்துப் பாருங்கள். இடத்திற்கேற்ப அதன் ஒலி மாறுவது விளங்கும். தமிழைக் கேட்டு வளர்ந்த காது, விதியைக் கல்லாமலே இதனை அறியும். எழுத்தறியாத அத்தாய் அன்று மகளுக்கு ஆசிரியையானாள்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தாராவியில் குடியேறினர். 1924ஆம் ஆண்டில் அங்கே தமிழ்ப் பள்ளி எழுந்தது. பள்ளி எழுத்தைக் கற்பிக்கும். அதற்கு முன்பே பேச்சைத் தருவது வீடு.

அக்கம்பக்கத்தாரும் இதில் துணைநிற்க முடியும். 1990களில் மும்பையில் தோன்றிய ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம், கட்டடங்களுக்காகக் காத்திராமல், குடிசைப் பகுதிகளில் கிடைத்த இடங்களிலேயே மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. அப்பகுதிப் பெண்களே அவற்றில் கற்பித்தனர்.

எனவே, எழுத்தறியாத பெற்றோர் நாணித் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுதல் தகாது. இரவில் சொல்லும் ஒரு கதை, மாதுங்காச் சந்தையில் காட்டிச் சொல்லும் காய்கனிப் பெயர்கள், ஊரிலிருக்கும் பாட்டியுடன் தொலைபேசியில் பேசும் பேச்சு ஆகிய யாவும் படிப்பிற்கு அடித்தளமே.

மறுநாள் இரவு அவ்வீட்டில் மகள் தன் தம்பிக்குக் கதை படிக்கிறாள். தாய் அருகில் அமர்ந்து கேட்கிறாள். ஒலி பிழைத்தால் திருத்துகிறாள். இடையிடையே மகளின் விரல் செல்லும் வழியே, தானும் எழுத்துகளைப் பார்க்கிறாள்.